இடைவேளை வானொலி

பதுளையில் நான் படித்த பள்ளிக்கூடத்தின் தகரக் கூரையில் மழை விழத் தொடங்கினால் வேறு எந்தச் சத்தமும் காதில் ஏறாது. ஐப்பசி பிறந்ததும் மத்தியானத்துக்கு முன்பே நமுனுகுல மலைப் பக்கம் கறுத்துவரும்; முதலில் யாரோ கூரைமேல் சிறு கற்களை எறிவதுபோல நாலைந்து துளிகள், பிறகு மொத்தமாக ஒரு இரைச்சல். ஆசிரியை சொல்லிக்கொண்டிருந்த பாடத்தை நிறுத்திவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பி எதையாவது எழுதத் தொடங்கிவிடுவார், ஏனென்றால் எவ்வளவு கத்தினாலும் முன்வரிசைக்குக்கூடக் கேட்காது. மற்றப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டு நேரம். எனக்கு அது நிம்மதி. மழை பெய்யும்வரை யாரும் யாரோடும் பேச முடியாது; அந்த வகுப்பில் யாரோடும் பேசாத ஒரே பிள்ளை நான்தான் என்பது அந்த அரை மணித்தியாலத்துக்காவது வெளியே தெரியாது.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அப்பா அரசாங்க அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞர். யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்கும் அங்கிருந்து பதுளைக்கும் இடமாற்றம் கிடைத்து நாங்கள் மூவரும் வந்து சேர்ந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. ஊருக்குத் திரும்பிப் போகும் பாதை போரால் மூடிக்கிடந்தது. கடிதம்கூட மாதக் கணக்கில் வராது. ரயில் நிலையத்துக்கு மேலே, சரிவில் இருந்த ஒரு சிங்களக் குடும்பத்து வீட்டின் பின்பகுதியில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்திருந்தோம். வீட்டுக்கார அம்மா நல்லவர். பலாக்காய் சமைத்தால் ஒரு கிண்ணம் எங்கள் பக்கமும் வரும். ஆனாலும் அம்மா பயந்துகொண்டேதான் இருந்தார். சோதனைச் சாவடியைத் தாண்டும் பஸ்ஸில் நான் வாயைத் திறந்தால் முழங்கையால் இடிப்பார். "வெளியில கனக்கக் கதைக்காத பிள்ளை. நாங்கள் ஆர், எங்கயிருந்து வந்தனாங்கள் எண்டு ஒருத்தருக்கும் தெரியத் தேவையில்லை" என்பது ஒவ்வொரு காலையும் என் தலையைப் பின்னியபடி அவர் சொல்லும் வசனம். இரண்டு பின்னலுக்கும் இரண்டு முறை சொல்வார்.

வெளியே பயத்தால் பேசாதிருக்கப் பழகிய நான், பள்ளிக்கூடத்தில் வெட்கத்தால் பேசாமலானேன். அங்கு படித்தவர்களில் பெரும்பாலானோர் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலிருந்து நடந்தோ பஸ்ஸிலோ வருகிற பிள்ளைகள். அவர்கள் "பேசினார்கள்", நான் "கதைத்தேன்". அவர்கள் "பொறகு" என்ற இடத்தில் நான் "பேந்து" என்றேன். முதல் நாள் கணித ஆசிரியை விளங்கியதா என்று கேட்டபோது எழுந்து நின்று "இன்னும் விளங்கேல்லை டீச்சர்" என்றேன். வகுப்பு ஒரு கணம் திகைத்து, பிறகு சிரித்தது. அதைவிட மோசமானது "ஓம்". "ஆமா" என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் எனக்கு "ஓம்" என்றுதான் வரும். கடைசி வரிசை வாங்கில் இருந்த யோகேஸ்வரி அதைப் பிடித்துக்கொண்டாள்.

யோகேஸ்வரி எங்கள் வகுப்பிலேயே உயரமானவள், அந்தப் பள்ளிக்கூடத்திலேயே சத்தமானவள். அவள் பள்ளிக்கூட வாசல் படலையில் நுழைந்தால் மாடிவரைக்கும் கேட்கும். பசறைக்குப் போகும் பாதையில் ஏறுகிற ஒரு தோட்டத்திலிருந்து வருபவள். நான் "ஓம்" சொன்ன இரண்டாம் நாளே எனக்குப் பெயர் வைத்துவிட்டாள். காலையில் நான் வகுப்புக்குள் கால்வைத்ததும் "பூசாரி வந்துட்டாருடி, எல்லாரும் எந்திரிச்சுக் கும்பிடுங்க" என்பாள். முப்பது பிள்ளைகள் எழுந்து கைகூப்பி நிற்பார்கள். ஒருநாள் அதைப் பார்த்த ஆசிரியைகூடப் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டார். அதில் வன்மம் ஒன்றும் இருக்கவில்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை.

அதன் பிறகு நான் சொற்களை எண்ணத் தொடங்கினேன். காலையில் பெயர் கூப்பிடும்போது "உள்ளேன் டீச்சர்" என்பது இரண்டு. யாராவது இடித்தால் "தள்ளுங்கோ" ஒன்று. மணி அடித்து வீட்டுக்கு நடக்கும்போது அன்றைய தொகையைக் கூட்டிப் பார்ப்பேன். குறைந்தது நாலு, ஆகக் கூடியது பதின்மூன்று, அது சித்திர ஆசிரியை என் படத்தைத் தூக்கிப் பிடித்து இது என்ன பறவை என்று கேட்ட நாள். வீட்டுக்குப் போனதும் பள்ளிக்கூடம் எப்படி என்று அம்மா கேட்பார். நல்லது என்பேன். அமைதியான பிள்ளை என்று என் அறிக்கைப் புத்தகத்தில் எழுதியிருந்ததைப் படித்து அம்மா நிம்மதிப்பட்டார்.

அந்த வருடம் ஒக்டோபரில் வரும் சிறுவர் தினம் நெருங்கியபோதுதான் புஷ்பா அக்கா எங்கள் வகுப்புக்கு வந்தார். அவர் உயர்தரக் கலைப்பிரிவு மாணவி. பதினெட்டு வயதிருக்கும்; மெலிந்த உடம்பு, சற்றுக் கரகரத்த குரல். அவரும் தோட்டத்துப் பிள்ளைதான். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து பஸ் போகும் பாதைக்கு மூன்று மைல் இறங்கி வருபவர். கூடவே அதே பிரிவில் படித்த மகேந்திரன் அண்ணா நின்றார். கோயில் திருவிழாவுக்கு "மைக்செட்" பூட்டுகிறவர் என்று எல்லாருக்கும் அவரைத் தெரியும். ஆசிரியர் யாரும் அவர்களோடு வரவில்லை.

"ஒவ்வொரு வருஷமும் சிறுவர் தினத்துக்கு டொபி குடுக்குறாங்க, பெரியவங்க வந்து பேசுறாங்க, நீங்க கைதட்டுறீங்க" என்றார் புஷ்பா அக்கா. "இந்தத் தடவ பெரியவங்க யாரும் பேசப் போறதில்ல. அந்த வாரம் அஞ்சு நாளும் இடைவேளையில நம்ம ரேடியோ நடக்கும். நீங்கதான் பேசப் போறீங்க."

"எப்புடிக்கா, எல்லாரும் ஒரே நேரத்துலயா?" என்று பின்னாலிருந்து யோகேஸ்வரி கேட்டாள்.

அக்கா சிரிக்கவில்லை. நூலக வாசலில் ஒரு பால்மாப் பெட்டி வைக்கப்படும், மேலே ஒரு கீறல் இருக்கும், வெளியே சொல்ல முடியாத எதையும் எழுதி அதில் போடலாம் என்று விளக்கினார். "பேரு எழுத வேணாம். நா என் கையெழுத்துல திருப்பி எழுதிட்டுத்தான் வாசிப்பேன். ஒங்க கடதாசி அன்னைக்கே எங்க வீட்டு அடுப்புக்குள்ள போயிரும். யாரு எழுதுனதுன்னு எனக்கே தெரியாது." பிறகு கொஞ்சம் தயங்கி, சொல்லலாமா என்று மகேந்திரன் அண்ணாவைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என் தங்கச்சி எட்டாவதோட நின்னுட்டா. அவளுக்கு வாசிக்கத் தெரியாம இல்ல. எந்திரிச்சு வாசிக்கப் பயந்துதான் நின்னா. எங்களுக்குத் தெரியல. யார்கிட்டயும் சொல்லல அவ."

இதற்காக அவர்கள் பள்ளி அதிபரிடம் மூன்று முறை போய் நின்றார்கள் என்று பிறகு அறிந்தேன். பாட நேரத்தைத் தொடக் கூடாது, ஆசிரியர் பெயர் எதுவும் வரக் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளோடு அவர் சம்மதித்தாராம்.

திங்கட்கிழமை முற்றத்து மரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி "கொர்ர்" என்று இரண்டுதரம் இருமியது. மகேந்திரன் அண்ணா "இது இடைவேளை வானொலி" என்று சொன்னபோது கீழே நின்ற சின்னப் பிள்ளைகள் குழாயை அண்ணாந்து பார்த்தார்கள். முதல் நாள் பெட்டிக்குள் விழுந்திருந்தவை பெரும்பாலும் பகிடிகள். சிற்றுண்டிச்சாலை வடையில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார், முற்றமே சிரித்தது. ஆறாவதாக ஒன்று வந்தது. "நா போட்டிருக்குற சப்பாத்து எங்க அக்காவோடது. பெருசு. அதுனால நா ஓடுறதில்ல. எனக்கு ஓட விருப்பமில்லன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க." புஷ்பா அக்கா அதை எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் வாசித்தார். யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவரும் பக்கத்தில் நிற்பவரின் கால்களைப் பார்த்துவிட்டு, பார்த்ததை மறைக்க வேறு பக்கம் திரும்பினார்கள்.

செவ்வாய் மாலை நான் எழுதினேன். அம்மா குசினியில் சமைத்துக்கொண்டிருந்தார். "நான் கதைத்தால்" என்று தொடங்கி, அந்த ஒரு சொல்லே என்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று கண்டு அதைக் கிழித்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக அவர்களுடைய சொல்லைப் போட்டேன்: "நான் பேசினால் சிரிக்கிறார்கள். அதனால் நான் பேசுவதில்லை. ஒரு நாளைக்கு எத்தனை சொல் பேசினேன் என்று எண்ணுவேன். இன்றைக்கு ஏழு." மறுநாள் ஒருவரும் வருமுன் போய்ப் பெட்டியில் போட்டேன்.

புதன்கிழமை இடைவேளையில் தண்ணீர்க் குழாயடியில் நின்றிருந்தேன். என் வரிகள் புஷ்பா அக்காவின் கரகரத்த குரலில் மரத்திலிருந்து இறங்கி வந்தன. "இன்றைக்கு ஏழு" என்ற இடத்தில் அவர் சற்று நிறுத்தினார். எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்து "ஏழு சொல்லா" என்றார்கள். வேறொன்றும் நடக்கவில்லை. என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் நான் விரும்பியது. ஆனால் வகுப்புக்குத் திரும்பி நடக்கையில் ஒருவராவது திரும்பிப் பார்த்திருக்கலாம் என்று பட்டது.

வியாழக்கிழமை புஷ்பா அக்கா, "இது நேத்து ஏழு சொல்லு பேசுன தங்கச்சிக்கு, இல்லாட்டி தம்பிக்கு" என்று தொடங்கினார். கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை நான் கீழே வைத்துவிட்டேன். "நீ ஏழாவது பேசுற. நா வீட்டுல ஒரு சொல்லும் பேசுறதில்ல. எங்க அம்மா வெளிநாட்டுக்கு வேலைக்குப் போயி ரெண்டு வருஷமாச்சு. அப்பா வேல முடிஞ்சு வந்து சாப்புட்டுப் படுத்துருவாரு. தம்பி சின்னப் புள்ள. ஸ்கூல்ல நா ரொம்பச் சத்தமா பேசுவேன். எல்லாரும் என்னய சந்தோஷமான புள்ளன்னு நெனைக்கிறாங்க. வீட்டுக்குப் போறப்ப வழியில சத்தம் கொறஞ்சுக்கிட்டே போகும். லயத்துப் படிகிட்ட போனா நின்னுரும்."

எனக்குப் பதில் எழுதிய அந்த ஆள் எங்கேயோ அந்த முற்றத்தில் நிற்கிறாள் அல்லது நிற்கிறான். கையெழுத்து இல்லை, பெயர் இல்லை. சத்தமாகப் பேசுகிறவர்கள் யார் என்று மட்டும்தான் தேட முடியும். அன்று மிச்ச நேரமெல்லாம் அதைத்தான் செய்தேன். பத்தாம் ஆண்டுப் பெரிய பையன் ஒருவன் படிக்கட்டில் பாடிக்கொண்டு இறங்கினான், இவனாக இருக்குமோ. எட்டாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி யாரையோ கத்தித் திட்டினாள், இவளோ. இதுவரை நான் தலை குனிந்து தாண்டிப் போன முகங்களையெல்லாம் அன்று நிமிர்ந்து பார்த்தேன். அவர்கள் சிரிப்புக்குப் பின்னால் ஒரு லயத்துப் படி இருக்குமோ என்று பார்த்தேன். ஒருத்தியை மட்டும் கணக்கிலேயே எடுக்கவில்லை. யோகேஸ்வரிக்குத் துன்பம் இருக்கக் கூடும் என்று நினைக்க எனக்கு மனமில்லை.

வெள்ளிக்கிழமை கடைசி நாள். அன்று பிள்ளைகளே வாசிக்கட்டும், வகுப்புக்கு இருவரை அனுப்புங்கள் என்று புஷ்பா அக்கா கேட்டிருந்தார். எங்கள் வகுப்பில் முதல் பெயர் யோசிக்காமலே யோகேஸ்வரிதான். இரண்டாவது யார் என்று ஆசிரியை கேட்டபோது அவளே எழுந்தாள். "யாழ்ப்பாணத்துப் புள்ளையும் வரட்டும் டீச்சர்." வகுப்பு குலுங்கியது. இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வந்திருந்தால் அதற்கும் சிரித்திருப்பார்கள்.

மரத்தடியில் வரிசையாக நின்றோம். எனக்கு முன்னால் யோகேஸ்வரி. அவள் மைக்கின் முன் போய் நின்றதும் கூட்டத்தில் உற்சாகம் பரவியது. அவள் பேசினாலே சிரிப்புத்தான். புஷ்பா அக்கா பெட்டியிலிருந்து எடுத்து எழுதி வைத்திருந்த துண்டுகளில் மேலே இருந்ததை அவளிடம் கொடுத்தார். யோகேஸ்வரி தலையை ஆட்டி, சடையைப் பின்னால் எறிந்து, உரத்த குரலில் தொடங்கினாள்: "எங்க அம்மா தீவாளிக்கு வாரேன்னு சொன்னாங்க."

அவ்வளவுதான். அடுத்த வரி வரவில்லை. பகிடி பண்ணுகிறாள் என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள். அவள் வாய் திறந்தே இருந்தது. ஒலிபெருக்கியில் அவள் மூச்சு மட்டும் முற்றம் முழுவதும் கேட்டது. அந்த மூச்சைக் கேட்டதும், எனக்குப் பதில் எழுதியவள் இவள்தான் என்று தெரிந்துவிட்டது. பின்னால் நின்ற எனக்கு அவள் கழுத்து மட்டுமே தெரிந்தது; எண்ணெய் வைக்காத முடி, அவளே பின்னிக்கொண்ட கோணல் சடை. என் அம்மா ஒவ்வொரு காலையும் என் தலையைப் பின்னுவது அப்போதுதான் எனக்கு ஒரு பெரிய விஷயமாகப் பட்டது.

நான் எப்படிப் போனேன் என்று நினைவில்லை. அவள் கையிலிருந்து காகிதத்தை வாங்கியது நினைவிருக்கிறது. அவள் விரல்கள் அதைச் சுலபமாக விடவில்லை.

"எங்க அம்மா தீவாளிக்கு வாரேன்னு சொன்னாங்க. போன தீவாளிக்கும் சொன்னாங்க. தம்பிக்கு அம்மா மொகம் மறந்து போச்சு. போட்டோவக் காட்டுனா யாருன்னு கேக்குறான்."

எழுதியிருந்தது அவர்கள் பேச்சு. என் நாக்கு அதை என் ஊர்ச் சாயலில்தான் உருட்டியது. எட்டாம் ஆண்டுப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. கிளம்பி, துணையில்லாமல் அங்கேயே நின்றுவிட்டது. யோகேஸ்வரி மைக்கை விட்டுப் போகாமல் என் பக்கத்திலேயே நின்றாள். நான் வாசித்து முடித்துக் காகிதத்தை மடித்தேன். புஷ்பா அக்கா அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

திங்கட்கிழமை நான் வகுப்புக்குள் போனபோது ஒருவரும் எழுந்து கும்பிடவில்லை. யோகேஸ்வரி கடைசி வாங்கை விட்டு என் வாங்குக்கு வந்து உட்கார்ந்தாள். நன்றியும் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, "இன்னைக்கி எத்தன சொல்லு?" என்றாள்.

நான் அவளைப் பார்த்தேன்.

"நீதான்னு அன்னைக்கே தெரியும். வேற யாரு இருக்கா நம்ம ஸ்கூல்ல, ஏழு சொல்லு பேசுற ஆளு."

"தெரிஞ்சுகொண்டே ஏன் என்னை மைக்குக்கு இழுத்தனீ?"

அவள் யோசித்தாள். "தனியாப் போகப் பயமா இருந்துச்சு" என்றாள்.

வெள்ளிக்கிழமை காகிதம் அவள் எழுதியதல்லவாம். வியாழக்கிழமை வாசித்த பதில் மட்டும்தான் அவளுடையது. "அது வேற யாரோ. என்னய மாதிரியே இன்னொருத்தி இருக்கா இங்க" என்றாள். அந்த இன்னொருத்தியை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை.

பிறகு வந்த மூன்று மாதங்கள்தான் என் பள்ளி வாழ்க்கையில் நான் அதிகம் பேசிய காலம். எண்ணுவதை எந்த நாளில் விட்டேன் என்று தெரியவில்லை. என்னிடமிருந்து அவள் "பேந்து", "கனக்க" எல்லாம் எடுத்துக்கொண்டு எல்லா இடத்திலும் தப்பாகப் போட்டாள். அவளிடமிருந்து நான் "அம்புட்டுதான்" எடுத்துக்கொண்டேன். இன்றும் என் பேச்சில் அது வரும்போது யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். தீபாவளி வந்து போனது. அவள் அம்மா வரவில்லை.

மார்கழியில் ஒரு ஞாயிறு அப்பாவைக் கெஞ்சி அவள் லயத்துக்குப் போனேன். அம்மாவுக்கு விருப்பமில்லை, அப்பாதான் பஸ்ஸில் கூட்டிப்போய் விட்டுவிட்டு, தோட்டத்துக் கடையில் காத்திருந்தார். நீண்ட கூரையின் கீழே ஒட்டி ஒட்டி இருந்த அறைகளில் அவர்களுடையது கடைசி. பள்ளிக்கூடத்தை அதிரவைக்கும் யோகேஸ்வரி அங்கே வேறு ஆளாக இருந்தாள். எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தாள், தம்பிக்கு முகம் கழுவினாள், ரொட்டி மாவைப் பிசைந்தாள், எல்லாவற்றையும் சத்தமில்லாமல். அவள் அப்பா வெளியே விறகு பிளந்துகொண்டிருந்தார். நான் ஏதாவது சொன்னால் புன்னகைத்தாள். கடிதத்தில் எழுதியிருந்தது மிகையல்ல என்று அங்கே இருந்து பார்த்துத்தான் அறிந்தேன். திரும்பும்போது பாதைவரை வந்தாள். லயத்தைத் தாண்டி வளைவு திரும்பியதும் அவளுக்குச் சத்தம் வந்தது. "வாயத் தொறந்து ரெண்டு வார்த்த பேச மாட்டாளான்னு நெனச்சியா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்கியபோது அவள் வரவில்லை. பெயர் கூப்பிடும்போது அவள் பெயருக்குப் பிறகு வந்த இடைவெளியை இரண்டு கிழமை கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாம் கிழமை, முன்பின் போயிராத உயர்தர வகுப்பு வாசலில் போய் நின்று, புஷ்பா அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அந்தச் சனிக்கிழமையே அவரும் மகேந்திரன் அண்ணாவும் நானும் தோட்டத்துக்குப் போனோம்.

அவள் அப்பா எங்களை உட்காரச் சொன்னார். வாங்கு ஒன்றுதான் இருந்தது, நாங்கள் நின்றோம். "கொழும்புல நல்ல வீடுங்களாம்" என்றார். "ஒரு வயசான அம்மாவப் பாத்துக்கணும், அம்புட்டுதான். நா போகச் சொல்லலங்க. அவளே போறேன்னா. அவங்க அம்மாகிட்ட இருந்து ஆறு மாசமா ஒரு சேதியும் இல்ல. தம்பியாவது படிக்கட்டும்னா."

"எந்த வீடுன்னு தெரியுமாங்க?" என்று புஷ்பா அக்கா கேட்டார்.

"கூட்டிட்டுப் போனவருக்குத் தெரியும். அவரு மொனராகலைப் பக்கத்து ஆளு. வந்தா கேட்டுச் சொல்றேன்."

"பதிமூணு வயசுப் புள்ளைங்க அவ."

"தெரியுங்க" என்றார் அவர். அதற்குமேல் எங்களைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தார். அவர் கோபப்பட்டிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

திரும்பி இறங்கும்போது தேயிலைச் செடிகளுக்கிடையே ஒரு கல்லில் புஷ்பா அக்கா உட்கார்ந்துவிட்டார். அழுதார். அவர் எவ்வளவு சின்னப் பெண் என்று அன்றுதான் கண்டேன். "நம்ம என்னமோ பெருசா செஞ்சிட்டோம்னு நெனச்சேன் மகேந்திரன். பெட்டி வச்சோம், ரேடியோ நடத்துனோம். என் தங்கச்சி மாதிரி இன்னொருத்தி போகக் கூடாதுன்னுதான் எல்லாம் செஞ்சது. போயிட்டா பாரு." மகேந்திரன் அண்ணா தேயிலை இலையொன்றைக் கிள்ளிக்கொண்டு நின்றார்.

எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. "அவள் என்னோட கதைச்சவள் அக்கா" என்றேன். "மூண்டு மாசம், ஒவ்வொரு நாளும் கதைச்சவள்."

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பாதை வரும்வரை என் கையைப் பிடித்திருந்தார்.

மொனராகலைக்காரர் திரும்பி வந்ததாகச் செய்தி இல்லை. புஷ்பா அக்கா படித்து முடித்து ஹல்துமுல்லைப் பக்கத் தோட்டப் பாடசாலை ஒன்றுக்கு ஆசிரியையாகப் போனார் என்று கேள்விப்பட்டேன். மகேந்திரன் அண்ணா வெலிமடையில் மரக்கறி லொறி ஓட்டினார். வானொலி அவர்களோடு நின்றுவிடவில்லை. அடுத்து வந்தவர்கள் நடத்தினார்கள், சில வருடம் நன்றாகவும் சில வருடம் ஏனோதானோவென்றும். இரண்டாயிரத்துக்குப் பிறகு நான் உயர்தரம் வந்தபோது மைக் என் கைக்கு வந்தது. இரண்டு வருடம் பெட்டியைத் திறந்து, பிள்ளைகளின் வரிகளை என் கையெழுத்தில் திருப்பி எழுதி, என் ஊர்ச் சாயலோடு வாசித்தேன். யாரும் சிரிக்கவில்லை, அதற்குள் அந்தக் குரல் அவர்களுக்குப் பழகியிருந்தது. பேசாத பிள்ளைகள் ஆசிரியர்கள் எல்லாருடைய கண்ணிலும் படுவார்கள் என்று அந்த இரண்டு வருடத்தில் அறிந்தேன். நான் தேடியது சத்தமான பிள்ளைகளை. சிரித்துக்கொண்டே ஓடுகிற ஒருத்தியைக் கண்டால் கூப்பிட்டு, வீடு எங்கே, யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்பேன். பெரும்பாலும் அவர்கள் உண்மையிலேயே சந்தோஷமான பிள்ளைகளாகத்தான் இருந்தார்கள். ஏன் கேட்கிறேன் என்று விழித்துவிட்டு ஓடிவிடுவார்கள். ஓடாமல் நின்றவர்களும் உண்டு.

பேசப் பழகியதால் தனிமை போய்விட்டது என்று சொன்னால் பொய். முன்பு யாரோடும் பேச முடியாத தனிமை. பிறகு எல்லாரோடும் பேசிவிட்டு, பேச வேண்டிய ஒருத்தி இல்லாத தனிமை. கொழும்பில் படித்த காலத்தில் வெள்ளவத்தைத் தெருக்களிலும் ஒழுங்கைகளிலும் நடக்கும்போது, படலை திறக்கும் பெண்களின், மாடியில் துணி காயப்போடும் பெண்களின் முகங்களைப் பார்ப்பேன். ஒருமுறை ஒருத்தியை உயரத்தை வைத்துக் கூப்பிட்டும்விட்டேன். அவள் திரும்பினாள். வேறு யாரோ, பண்டாரவளைப் பக்கத்துப் பெண். பத்து நிமிடம் படலையில் நின்று பேசினோம். உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

போன வருடம் வேலையாகப் பதுளைக்குப் போனபோது பள்ளிக்கூடத்துக்கும் போனேன். முற்றம் இருந்த இடத்தில் மாடிக் கட்டடம் நிற்கிறது, மரம் இல்லை. சிறுவர் தினத்துக்கு இப்போது வெளியிலிருந்து ஆட்கள் வந்து நிகழ்ச்சி நடத்துகிறார்களாம், பதாகை எல்லாம் கட்டி, படம் எடுத்து. கீழ்த்தளத்தில் "ஆலோசனை அறை" என்று ஒரு பலகை இருந்தது. கதவு பூட்டியிருந்தது, கிழமையில் ஒருநாள் ஒரு மிஸ் வருவார் என்று அங்கே நின்ற ஒரு மாணவி சொன்னாள். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மனமில்லை. முன்பு இங்கே பிள்ளைகளே ஒரு வானொலி நடத்தினார்கள் என்றேன். மரியாதைக்குத் தலையாட்டினாள். இடைவேளையில் இப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"சும்மா இருப்போம் மிஸ்" என்றாள். பிறகு, "யாரையாவது தேடி வந்தீங்களா?" என்று கேட்டாள்.

என்னோடு படித்த ஒருத்தியை என்று சொல்லி, பெயரையும் தோட்டத்தையும் சொன்னேன். அவளுக்குத் தெரியவில்லை. அந்தத் தோட்டத்தில் இப்போது பழைய ஆட்கள் குறைவு, நிறையப் பேர் போய்விட்டார்கள் என்றாள். அவளுக்கு நேரமாகிவிட்டது, ஓடினாள்.

யோகேஸ்வரிக்கு இப்போது நாற்பதைத் தாண்டியிருக்கும். எங்கோ ஒரு வீடு இருக்கலாம், பிள்ளைகள் இருக்கலாம். நல்ல வீடா, வசதி எப்படி என்றெல்லாம் எனக்குக் கேட்க வேண்டியதில்லை. மாலையானதும் அந்த வீட்டுக்குள்ளிருந்து அவள் சத்தம் தெருவரைக்கும் கேட்கிறதா என்று மட்டும் யாராவது எனக்குச் சொன்னால் போதும்.